ரெக்கே அலமாரியில் சோல் தட்டுகளுக்கு என்ன வேலை?

தட்டுப்பித்தன்:

ரெக்கே எல்பி சேர்க்கத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் போகிறார்கள். முதலில் பாப் மார்லியின் 'லெஜண்ட்', அப்புறம் 'எக்ஸோடஸ்', அப்புறம் பர்னிங் ஸ்பியர், கல்ச்சர் என்று 1975க்குப் பிந்தைய ரூட்ஸ் (ஆன்மிகமும் சமூகமும் பேசும் ரெக்கே) தட்டுகளில் போய் நின்றுவிடுவார்கள். 1966 முதல் 1970 வரை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவான ராக்ஸ்டெடியையும் (ரெக்கேக்கு நேர் முன்னோடி) தொடக்க கால ரெக்கேயையும் 'பழைய காதல் பாட்டு' என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இந்த இசையிலேயே மிக இனிமையான காலம் அதுதான். அதை முழுசாக ரசிக்க வேண்டுமானால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைத் தட்டுகளும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜமைக்காவின் டெக்னிக்ஸ் குழு பாடிய 'குவீன் மெஜஸ்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் பதிவான அந்தப் பாட்டு, கர்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரஷன்ஸ் குழு பாடிய 'மின்ஸ்ட்ரல் அண்ட் குவீன்'. அதே டெக்னிக்ஸின் 'யூ டோன்ட் கேர்' என்ற பாட்டும் இம்ப்ரஷன்ஸிடமிருந்து வந்ததுதான். டெல்ராய் வில்சனின் 'டான்சிங் மூட்' டாம்ஸ் குழுவுடையது. சிறுவனாக இருந்த டென்னிஸ் பிரவுனுக்குப் பெயர் வாங்கித் தந்த 'நோ மேன் இஸ் அன் ஐலண்ட்' டெக்ஸாஸின் வான் டைக்ஸ் குழுவுடையது. பெயர்களையே பாருங்கள்: காக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன்னின் ஆஸ்தான வாத்தியக் குழு சோல் பிரதர்ஸ், பிறகு சோல் வெண்டர்ஸ். ரீட்டா மார்லி பாடிய குழு சோலட்ஸ். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு போட்ட 1970 ஆல்பம் 'சோல் ரெபெல்ஸ்'.

என் அலமாரியில் இவற்றை நாடு பார்த்துப் பிரிப்பதில்லை. மூலத்தையும் ஜமைக்கப் பதிவையும் ஜோடியாகத்தான் வைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பேஸ் பாண்டி:

வந்துவிட்டேன். அப்படி ஜோடி சேர்த்து வைத்தால் ஒவ்வொரு ஜமைக்கத் தட்டும் ஏதோ ஓர் அமெரிக்கத் தட்டின் நகல் மாதிரித் தெரியும். மெட்டு எங்கிருந்து வந்தது என்பது சின்ன விஷயம். அந்த மெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் ரெக்கே.

அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் எல்லா வாத்தியமும் முதல் அடியில் வந்து விழும். வெய்லர்ஸின் டிரம்மர் கார்ல்டன் பாரெட் வாசித்த 'ஒன் டிராப்' தாளத்தில் அந்த முதல் அடி காலி. கிக் டிரம் மூன்றாவது அடியில்தான் இறங்கும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். பாட்டை நடத்திப் போவது பேஸ். இதில் எது உங்கள் சோல் ஊர்களான மெம்ஃபிஸிலிருந்து வந்தது, எது சிகாகோவிலிருந்து வந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

மென்டோ என்ற ஜமைக்க நாட்டுப் பாட்டில் பாஞ்சோ செய்த வேலையைத்தான் பின்னால் கிட்டார் செய்தது. பர்ரு, நயபிங்கி என்ற ஜமைக்க மரபு முரசுகளுக்கு ஆப்பிரிக்கா வரை வம்சாவளி உண்டு. தயாரிப்பாளர் பிரின்ஸ் பஸ்டர் 'ஓ கரோலினா'வைப் பதிவு செய்தபோது கிழக்குக் கிங்ஸ்டனின் வேரைக்கா மலைப் பக்கம் இருந்த கவுண்ட் ஓஸியின் ராஸ்தஃபாரி (ஜமைக்காவில் பிறந்த சமய இயக்கம்) முரசுக்காரர்களைத் தேடிப்போய் அழைத்து வந்தார். சோல் பாடகர் யாரையும் தேடிப் போகவில்லை. கவுண்ட் ஓஸி குழுவின் 'கிரவுனேஷன்', 1973, மூன்று எல்பி. புதிதாகச் சேர்க்கிறவருக்கு நான் அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

எக்லிண்டன் ராசன்:

இரண்டு பேரும் ஒருவழிப் பாதை மாதிரியே கதைக்கிறீர்கள். எதிர்ப் பக்கமும் வாகனம் போனது தானே?

1969இல் ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் 'லிக்விடேட்டர்' என்று ஒரு வாத்தியப் பாட்டு வெளியிட்டார்கள். வின்ஸ்டன் ரைட்டின் ஆர்கன். இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் போனது. இப்போது அமெரிக்க சோல் குழுவான ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐ'ல் டேக் யூ தேர்' எடுத்து முதல் சில நொடிகளைக் கேளுங்கள். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1972இல் வந்து, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அந்த ஆரம்பமும் பேஸும் 'லிக்விடேட்டர்'தான். வாசித்தவர்கள் அலபாமாவில் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோவின் வெள்ளைக்காரப் பெடியன்கள். பாட்டெழுதியவர் என்று போட்டிருக்கிற பெயர் ஸ்டாக்ஸின் அல் பெல். ஹாரி ஜே என்ற தயாரிப்பாளர் ஹாரி ஜான்சனின் பெயரைத் தேடிப் பாருங்கள், கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் டொராண்டோவில் எக்லிண்டன் வெஸ்ட் பக்கம் கனகாலம் இருந்தவன். அந்தத் தெருவை லிட்டில் ஜமைக்கா என்றுதான் சொல்வார்கள். ஸ்டூடியோ ஒன்னின் ஆர்கன் மேதை ஜாக்கி மிட்டூ அறுபதுகளின் கடைசியில் இங்கே குடிவந்தவர். ஹெப்டோன்ஸ் குழுவின் லீராய் சிபில்ஸும் எழுபதுகளில் வந்தார். ஜமைக்காவிலிருந்து வந்த வெயின் மெக்கீ 1970இல் சவுண்ட்ஸ் ஆஃப் ஜாய் குழுவோடு போட்ட எல்பியில் சோல், ஃபங்க், ரெக்கே எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கிறது. அப்போது விற்கவில்லை, 2004இல் லைட் இன் தி அட்டிக் மறுபடி வெளியிட்ட பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அதை எந்த வரிசையில் வைப்பீர்கள், பித்தன் அண்ணை?

தட்டுப்பித்தன்:

ராசன், அதை இரண்டு படி வாங்கி இரண்டு வரிசையிலும் வைப்பேன், காசு இருந்தால்.

பாண்டி, தாளத்தில் எனக்குச் சண்டையே இல்லை. அது கிங்ஸ்டனுடையது. ஆனால் உங்கள் பதிவில் பாடகர் என்று ஒருவரே இல்லையே! இம்ப்ரஷன்ஸ் 1962க்குப் பிறகு மூன்று பேர்: மேஃபீல்ட், சாம் குடன், ஃபிரெட் கேஷ். மேலே மெல்லிய ஃபால்செட்டோ (ஆண் பாடும் உச்சக் கள்ளக்குரல்), பின்னால் இரண்டு குரல் ஒட்டி வரும், ஒரு வரியை ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். இப்போது கிங்ஸ்டன் பக்கம் வாருங்கள். வெய்லர்ஸ் மூன்று பேர், ஹெப்டோன்ஸ் மூன்று பேர், டெக்னிக்ஸும் பல காலம் மூன்று குரல்தான். இது தற்செயலா? வெய்லர்ஸ் தயாரிப்பாளர் லீ பெர்ரியிடம் பதிவு செய்த 'கீப் ஆன் மூவிங்' கூட மேஃபீல்டின் பாட்டு. ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' 1976. நீங்கள் விரும்பும் ரூட்ஸ் காலம், பெர்ரியின் பிளாக் ஆர்க் ஸ்டூடியோ, கலவரத்தைப் பற்றிய பாட்டு. குரல் மட்டும் அச்சு அசலாக மேஃபீல்ட் வழி. தாளம் முழுக்க மாறிய பிறகும் அந்தக் குரல் மாறவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராசன் சொன்ன ஜாக்கி மிட்டூவையும் ஸ்டாக்ஸின் வாத்தியக் குழுவான புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் தட்டு ஒன்றையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். ஸ்டூடியோ ஒன் 1967இல் வெளியிட்ட ஆல்டன் எல்லிஸ் எல்பிக்குப் பெயரே 'சிங்ஸ் ராக் அண்ட் சோல்'. இந்தப் பழக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஐம்பதுகளில் அமெரிக்காவின் தென்பகுதிக்குப் பண்ணை வேலைக்குப் போன காக்ஸன் டாட் அங்கிருந்து ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளை வாங்கிவந்து தன் சவுண்ட் சிஸ்டத்தில் (நடனக் கூட்டங்களுக்குத் தட்டு போடும் ஒலிபெருக்கிக் குழு) போட்டார். போட்டிக்காரர் பெயரைப் பார்த்துவிடக் கூடாது என்று லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். ராத்திரியில் மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலி தீவு வரை கேட்கும். பின்னால் சோல் வந்ததும் அதே வழியில்தான்.

பேஸ் பாண்டி:

குரல் விஷயத்தில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஜமைக்கப் பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட்டை எல்லோரும் 'ஜமைக்காவின் ஓட்டிஸ் ரெடிங்' என்று எழுதுகிறார்கள். அவர் மே பென் ஊரில் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். ஓட்டிஸும் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். ஒரே மாதிரிப் பாடியதால் ஒருவர் இன்னொருவரிடம் கற்றார் என்று ஆகுமா? இரண்டு பேரும் பெரியப்பா மகன், சித்தப்பா மகன். ஒருவரை அப்பாவாக்கி இன்னொருவரைப் பிள்ளையாக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1988இல் டூட்ஸ் மெம்ஃபிஸுக்கே போய் சோல் பாட்டுகளைப் பாடி 'டூட்ஸ் இன் மெம்ஃபிஸ்' போட்டார். நல்ல தட்டுதான், ஸ்லை அண்ட் ராபி வாசித்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய 'ஃபங்கி கிங்ஸ்டன்' பக்கத்தில் வைத்தால் நிற்காது. (அதிலும் இங்கிலாந்துத் தட்டு வேறு, 1975இல் அமெரிக்காவில் வந்தது வேறு. அட்டையில் பெயர் ஒன்று, பாட்டுகள் வேறு. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்.)

சோல் ஆட்களைக் கூட்டிவந்து பூசினால் என்ன ஆகும் என்பதற்கு வெய்லர்ஸின் 'கேட்ச் அ ஃபயர்' இருக்கிறது. ஜமைக்காவில் பதிவான நாடாக்களை ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் லண்டனில் வைத்து, மசில் ஷோல்ஸ் கிட்டார்காரர் வெயின் பெர்க்கின்ஸைக் கூப்பிட்டு மேலே வாசிக்க வைத்தார். ராக் ரசிகர்களுக்கு விற்கத்தான். 2001இல் வந்த இரட்டை வெளியீட்டில் பூச்சு இல்லாத ஜமைக்க வடிவம் இருக்கிறது. பேஸ் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

ஊசிமுனை:

வேர், விழுது எல்லாம் சரி. தட்டு வாங்குவதைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

ஒன்று: அந்தக் காலத்து ஜமைக்க 'ஆல்பம்' பெரும்பாலும் ஆல்பமே இல்லை. கிங்ஸ்டனில் விற்றதும் ஆடியதும் ஏழங்குல நாற்பத்தைந்துகள்தான் (பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று). அவற்றில் ஓடியவற்றைப் பொறுக்கி ஒரு அட்டைக்குள் போட்டால் எல்பி. ஆகவே அதிலும் இம்ப்ரஷன்ஸ் எல்பியிலும் ஒரே மாதிரி ஒழுங்கைத் தேடாதீர்கள்.

இரண்டு: அசல் ஜமைக்க அச்சு என்று ஏங்குகிறவர்களுக்கு. நடுத்துளை விலகியிருக்கும், உருக்கிய பழைய வினைலில் அடித்ததால் முதல் ஓட்டத்திலேயே பொரியும், லேபிள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் லேபிளே வெறுமையாக இருக்கும். அதையும் ரசிக்கிறவர்கள் உண்டு, நான் இல்லை. பழைய பாட்டுகளைக் காக்ஸன் பின்னாளில் மறுபடி வெளியிட்டபோது சிலவற்றின் மேல் புதிதாகத் தாள வாத்தியம் சேர்த்திருக்கிறார். அதே பெயர், அதே ஸ்டூடியோ ஒன் லேபிள், கேட்டால் வேறு. கடைசிப் பள்ளத்துப் பக்கம் கீறியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் பெரிய காசு கொடுக்காதீர்கள். சோல் ஜாஸ், பிரஷர் சவுண்ட்ஸ், ஜப்பானின் டப் ஸ்டோர் மறுவெளியீடுகள் எனக்குப் போதும்.

மூன்று, பித்தன் தொடாமல் போனது: மூலத்தை எழுதியவர் பெயர் ஜமைக்க லேபிளில் ஏன் இருப்பதில்லை? 1993இல் சொந்தக் காப்புரிமைச் சட்டம் வரும்வரை தீவில் நடந்தது பிரிட்டனின் 1911 சட்டம், அதையும் யாரும் சட்டை செய்யவில்லை. 1965இன் 'ஒன் லவ்' மேஃபீல்டின் 'பீப்பிள் கெட் ரெடி'யிலிருந்து எடுத்துக்கொண்டது, அதே வருடத்துப் பாட்டு. 1977இல் 'எக்ஸோடஸ்' உலகம் முழுக்கப் போகும்போதுதான் இரண்டு பெயரையும் சேர்த்துத் தலைப்புப் போட்டார்கள்.

எக்லிண்டன் ராசன்:

அவர்கள் மேஃபீல்டிடம் எடுத்தார்கள், ஸ்டாக்ஸ் ஹாரி ஜேயிடம் எடுத்தது. கணக்கு நேர்.

தட்டுப்பித்தன்:

நேர் இல்லை ராசன். மேஃபீல்ட் தன் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தவர். கறுப்பினப் பாடகர்களில் அதை முன்கூட்டியே செய்த சிலரில் ஒருவர். பின்னால் வந்து கேட்க அவருக்கு வழி இருந்தது. கிங்ஸ்டனில் பாடியவருக்குப் பதிவு முடிந்ததும் கையில் கொடுத்த காசுதான், அதுவும் பலருக்குச் சொற்பம். ஆல்டன் எல்லிஸின் 'ஐ'ம் ஸ்டில் இன் லவ்' ரிதத்தின் (பாட்டின் வாத்தியப் பின்னணி) மேல்தான் 1977இல் ஆல்தியா அண்ட் டோனாவின் பாட்டு வந்து 1978இல் இங்கிலாந்தில் முதலிடம் போனது.

பாண்டி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன் கதையை டூட்ஸ் வரைக்கும் ஏற்கிறேன். 'குவீன் மெஜஸ்டி'க்கு அது ஓடாது. அது நேராகத் தட்டிலிருந்து கேட்டுப் பாடியது. இம்ப்ரஷன்ஸின் 1963 முதல் எல்பியில் மூலம் இருக்கிறது. மறுவெளியீடுகள் சுலபமாகக் கிடைக்கும், அசல் டெக்னிக்ஸ் நாற்பத்தைந்து தேடுவதைவிடக் குறைந்த செலவு.

பேஸ் பாண்டி:

வாங்கிக் கேட்கிறேன், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் காசுப் பேச்சு வந்ததால் ஒன்று. அபிசீனியன்ஸ் 'சத்தா மசகானா'வை 1969இல் ஸ்டூடியோ ஒன்னில் பதிவு செய்தார்கள். அம்ஹாரிக் மொழியில் வரிகள், எத்தியோப்பியாவை நோக்கிய பாட்டு. இது விற்காது என்று காக்ஸன் கிடப்பில் போட்டார். குழுவே 90 பவுண்டு கொடுத்து நாடாவைத் திரும்ப வாங்கி, 1971இல் கிளின்ச் என்று சொந்த லேபிள் தொடங்கி வெளியிட்டது. ஓடு ஓடு என்று ஓடியது, அதற்குப் பிறகுதான் காக்ஸனும் தன் பங்குக்கு அதே ரிதத்தில் வேறு வேறு தட்டுகள் போட்டார். சோல் மெட்டு இல்லை, அமெரிக்க மூலம் இல்லை. இதற்கு ஜோடியாக எந்தத் தட்டை வைப்பீர்கள், பித்தன்?

ஊசிமுனை:

கிளின்ச் லேபிளில் அந்த நாற்பத்தைந்து யாரிடமாவது விலைக்கு இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். பொரிந்தாலும் பரவாயில்லை.