“மை”, “மைன்”, “இட்ஸ்”: ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

மாலைவகுப்பு, சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மூன்று பிழைகள் விடாமல் வருகின்றன. “திஸ் பேக் இஸ் மை” என்கிறார்கள். அக்காவைப் பற்றி “மை சிஸ்டர் லவ்ஸ் ஹிஸ் கேட்” என்று எழுதுகிறார்கள். “இட்ஸ்” எங்கே வந்தாலும் மேற்குறி (’) போடுகிறார்கள். விதியைக் கேட்டால் ஒப்பிக்கிறார்கள், எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

இலக்கணப்பிரியை:
முதல் பிழைக்குப் பேச்சுத்தமிழே போதும் டீச்சர். “என்னோட பை”, “இது என்னோடது” என்று பிள்ளைகள் தவறாமல் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பின்னால் பொருளின் பெயர் வந்தால் மை, யுவர், ஹெர், தேர். பெயர் இல்லாமல் “து” என்று முடிந்தால் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், தேர்ஸ். “ஹிஸ்” மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது. முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லவிட்டு, “து” வருகிறதா என்று கேளுங்கள். பிறகு எழுதட்டும்.

இன்னொன்றும் கூடவே வரும். “என்னோட ஒரு ஃபிரெண்டு” என்பதை அப்படியே “அ மை ஃபிரெண்ட்” ஆக்குவார்கள். “மை” இருக்கும் இடத்தில் அ, த, திஸ் எதுவும் சேராது. “அ ஃபிரெண்ட் ஆஃப் மைன்” என்பதை முழுத்தொடராகவே பழக்குங்கள்.

பேராக்வாசி:
ஹிஸ், ஹெர் குழப்பத்துக்கு மலாயும் ஒரு காரணம். “கூச்சிங் டியா” என்றால் அவன் பூனையும்தான், அவள் பூனையும்தான். தமிழில் அவன், அவள் உண்டு. ஆனால் அம்மாவையும் டீச்சரையும் “அவங்க” என்போம். அதனால்தான் சில பிள்ளைகள் “மை மதர் அண்ட் தேர் பேக்” என்று எழுதுகிறார்கள். மரியாதைப் பன்மை ஆங்கிலத்தில் இல்லை, அம்மாவுக்கும் “ஹெர்”தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உடைமைச் சொல்லிலிருந்து உரியவரை நோக்கி அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ராணியின் தம்பி ஆண்பிள்ளைதான், ஆனாலும் “ஹெர் பிரதர்”. அம்பு ராணியிடம் போகிறது, தம்பியிடம் அல்ல.

உடலுறுப்புகளையும் கவனியுங்கள். தமிழில் “கையைக் கழுவினான்” போதும். ஆங்கிலத்தில் “ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ்”. இந்த “ஹிஸ்” அடிக்கடி விடுபடும்.

சொல்லாய்வன்:
“இட்ஸ்” வந்த இடத்தில் “இட் இஸ்” அல்லது “இட் ஹேஸ்” போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருந்தினால் மேற்குறி, இல்லாவிட்டால் வேண்டாம். “த டாக் வேக்ட் இட்ஸ் டெயில்” என்பதில் பொருந்தாது. பெயருக்கு “ராஜு’ஸ்” என்று குறி போடுவதால் இதற்கும் போடுகிறார்கள். ஹிஸ், ஹெர்ஸ், தேர்ஸ், இட்ஸ் நான்கையும் ஒரே வரிசையில் எழுதிக் காட்டுங்கள். ஒன்றிலும் குறி இல்லை என்பது கண்ணில் படும்.

மாலைவகுப்பு:
மிக்க நன்றி. பலருக்கு உரியது என்றால்? தொழிலாளர்களின் லயம் (தோட்டத்து வரிசைவீடு) என்று எழுத மேற்குறி எங்கே வரும்?

இலக்கணப்பிரியை:
உரியவரை முதலில் முழுதாக எழுதிவிட்டுப் பிறகு குறி. ஒருவர் என்றால் “வொர்க்கர்”, அதோடு ’ஸ். பலர் என்றால் “வொர்க்கர்ஸ்” என்று முடித்து, கடைசியில் வெறும் குறி: வொர்க்கர்ஸ்’. “சில்ட்ரன்” பன்மைதான், ஆனால் “ஸ்” ஒலியில் முடியாததால் சில்ட்ரன்’ஸ். “ரப்பர் ட்ரீஸ்” போன்ற வெறும் பன்மைக்குக் குறியே கிடையாது. கடைப் பலகைகளைப் பார்த்துப் பிள்ளைகள் அங்கும் போடுவார்கள், உடனே திருத்துங்கள்.