செரோடோனினைத் தடுத்தால் வளரும் மூளை என்னாகும்?

மாத்திரைக்காரன்:
மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெடின், நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. 2004-இல் வந்த ஓர் ஆய்வில், சுண்டெலிக் குட்டிகளுக்குப் பிறந்த 4-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை அதைக் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தி, வளர்ந்த பிறகும் அவை புது இடத்தைச் சுற்றிப் பார்க்கத் தயங்கின. செரோடோனின் குறைந்தால், குளுட்டமேட் என்ற இன்னொரு சேதிப் பொருளை வாங்கும் ஏற்பிகள் கெடும் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

எலிவால்:
தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் அண்ணா. அது தடுப்பது செரோடோனினை இல்லை; வெளியே வந்த செரோடோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்பை. வடிகாலை அடைத்தால் தொட்டி காலியாகுமா?

மாத்திரைக்காரன்:
சரி, கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கூடினால் குளுட்டமேட் ஏற்பிக்கு எங்கே பாதிப்பு?

எலிவால்:
மீசையில். சுண்டெலியின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேல் அடுக்கை, சீவிச் சாயம் ஏற்றினால், ஒவ்வொரு மீசை முடிக்கும் ஒரு புள்ளி தெரியும், முகத்தில் இருக்கும் அதே வரிசையில். முதல் தடவை பார்த்தபோது யாரோ முத்திரை குத்தியது போல இருந்தது எனக்கு. செரோடோனினைச் சிதைக்கும் மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் ஏ நொதி இல்லாத சுண்டெலியில் செரோடோனின் தேங்கும்; அந்தப் புள்ளிகள் இல்லை, எல்லாம் ஈஷிக்கிடக்கும். பிறந்த முதல் சில நாட்களில் செரோடோனின் உற்பத்தியைக் குறைத்தால் புள்ளிகள் திரும்புகின்றன! மீசையின் தொடுசேதியைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து வரும் இழைகளின் நுனியில் செரோடோனின் 1பி ஏற்பி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் குளுட்டமேட் குறைவாகத்தான் வெளியேறும். எதிரே இருக்கும் என்எம்டிஏ ஏற்பிக்கு (குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகை) தெளிவான சேதி போகாது, புள்ளி பிரியாது.

மாத்திரைக்காரன்:
அப்போ குளுட்டமேட் வரத்துதான் குறைகிறது. நான் கேட்டது ஏற்பியைப் பற்றி.

நுண்குழல்:
குறுக்கே வருகிறேன். ஏற்பிக்கும் அடி விழுகிறது. முன்மூளைப் புறணி நரம்பணுவில் செரோடோனின் 1ஏ ஏற்பியைத் தூண்டினால் என்எம்டிஏ மின்னோட்டம் இறங்கும். நரம்பணுவுக்குள் ஏற்பியைக் கிளைகளுக்குச் சுமந்துபோகும் நுண்குழல் தண்டவாளம் தளர்ந்துவிடுகிறது. எலிவால் சொன்னது பாதிக் கதை.

எலிவால்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீசைப் புள்ளிக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

தாமரை:
என் தங்கை இந்த மாத்திரையில்தான் இருக்கிறாள், மூன்று மாதக் கர்ப்பம். நிறுத்தச் சொல்லட்டுமா?

மாத்திரைக்காரன்:
ஐயோ, வேண்டாம்மா! நொதியே இல்லாத எலியும் மாத்திரை போடும் மனுஷியும் ஒன்றில்லை. திடீரென்று நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பலாம், அதுவும் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். முதல் வரியில் ‘தடுக்கும்’ என்று எழுதியது என் தப்பு. செரோடோனின் ஏற்பியை நிஜமாகவே தடுப்பது வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டான்செட்ரான். எலிவால் தம்பி, அதற்கு நாளைக்கு வருகிறேன், தயாராக இரு.