பூசணித் தண்டின் வெட்டில் உரியம் இரண்டு இடத்தில் தெரிகிறது: பிழை என்னுடையதா?

கேள்வி (உயர்தர மாணவி, பொகவந்தலாவை)

வணக்கம். இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டைச் செய்முறைப் பாடத்திற்காக வீட்டிலேயே பழகிப் பார்க்க எண்ணி, நாங்கள் வசிக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் படர்ந்திருக்கும் பூசணிக் கொடியின் இளந்தண்டை வெட்டி, பாடசாலையில் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். நீரையும் உணவையும் கடத்தும் கலன்கட்டுகள் ஒரே வளையமாக இருக்கும் என்றுதான் படித்திருந்தேன். ஆனால் எனக்கு இரண்டு வளையங்கள் தெரிந்தன, நடுவில் வெறும் குழி, அத்துடன் நீரைக் கடத்தும் காழின் வெளிப்புறத்தில் மட்டுமன்றி உட்புறத்திலும், உணவைக் கடத்தும் உரியம் போன்ற ஒன்று இருந்தது. வெட்டைத் தலைகீழாகப் பார்த்துவிட்டேனா? மேலும், விலங்குகளின் இசைவாக்கத்திற்கு (வாழும் சூழலுக்கு ஏற்ற அமைப்புக்கு) எங்கள் பாடசாலையில் மாதிரிகள் அதிகம் இல்லை. தேயிலை மலையில் நாங்கள் தினமும் காணும், இரத்தம் உறிஞ்சும் அட்டையை எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தலவாக்கலை)

பிழை உங்களுடையதன்று, மகள். பூசணிக் குடும்பத்தின் இயல்பே அதுதான்: அதன் கலன்கட்டில் காழின் இரு பக்கமும் உரியம் இருக்கும், வெளிப்புற உரியத்திற்கும் காழிற்கும் இடையில், புதிய கலங்களைத் தோற்றுவிக்கும் மாறிழையம் தெளிவாகத் தெரியும். நீங்கள் கண்ட இரண்டு வளையங்களை எண்ணிப் பாருங்கள். வெளியே ஐந்து, உள்ளே ஐந்து என்று வரும், வெளிவளையக் கட்டுகள் தண்டின் மேடுகளுக்கு நேராகவும் உள்வளையக் கட்டுகள் பள்ளங்களுக்கு நேராகவும் நிற்கும். மேடுகளில் மேற்றோலுக்கு அடியிலே கலங்களின் மூலைகள் தடித்த, வளையக்கூடிய தாங்கிழையமான ஒட்டுக்கலவிழையம் திரண்டிருக்கும், அதற்கும் உள்ளே வன்மையான தாங்கிழையமான வல்லுருக்கலவிழையம் வளையமாக ஓடும். கம்பியைப் பற்றி ஏறும் மெல்லிய கொடி காற்றில் முறியாமல் வளைவதற்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தமானது என்பதை வரைபடத்தின் அருகில் ஒரு வரியாக எழுதுங்கள். பாடநூலில் உள்ள மாதிரி வடிவம் வேண்டுமானால் சூரியகாந்தியின் இளந்தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பூசணி வரைபடத்தைக் கிழித்துவிடாதீர்கள். கண்டதை விட்டுவிட்டுப் புத்தகப் படத்தை வரைந்து தரும் மாணவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பதில் 2 (முன்னாள் மாணவர், பண்டாரவளை)

தங்கச்சி, வெட்டு தடிப்பாக இருந்தால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். தண்டையும் அலகையும் நனைத்துக்கொண்டு, புதிய பிளேட்டை ஒரே திசையில் உங்களை நோக்கி இழுத்து வெட்டுங்கள், அறுக்கக் கூடாது. மெல்லிய தண்டை ஒரு கரட் துண்டின் பிளவில் செருகினால் பிடி கிடைக்கும். இருபது வெட்டுகள் போட்டு, நீரில் மிதப்பவற்றுள் கண்ணாடி போல் தெரியும் ஒன்றைத் தூரிகையால் எடுங்கள். அது முழு வட்டமாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சாயத்தில் ஊறியதும் நீரில் நன்றாகக் கழுவுங்கள், அப்போதுதான் கலச்சுவரை வன்மையாக்கும் இலிக்னின் படிந்த காழ்க் கலன்களும் வல்லுருக்கலவிழையமும் சிவப்பாக நிற்க, மற்றவை வெளிறிவிடும். பின்னர் கிளிசரின் ஒரு துளி இட்டு, மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்குங்கள்.

ஒருவித்திலைக்குச் சோளத் தண்டே நல்லது. தேயிலையை மீண்டும் நடுவதற்கு முன் தோட்டங்களில் மண்ணைத் தேற்ற நடும் குவாத்தமாலா புல்லை நான் ஒருமுறை வெட்டப்போய், பிளேட்டும் விரலும் சேர்ந்து வீணானதுதான் மிச்சம்.

பதில் 3 (ஆசிரியர், ஹட்டன்)

அட்டை மிக நல்ல தெரிவு. ஒன்றைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் விட்டு, மூடியில் துளையிட்டு, வெளியிலிருந்து கைவில்லையால் பாருங்கள். பின் உறிஞ்சியை ஊன்றி உடலை நீட்டி, முன் உறிஞ்சியைப் பதித்து, பின்பகுதியை வளைத்து இழுத்து நடப்பது கண்ணாடியூடாக அடிப்புறமிருந்தே தெரியும். மூடியின் துளை வழியாக மெல்ல ஊதினால், அடங்கிக் கிடந்த அட்டை எழுந்து, தலையை இருபுறமும் ஆட்டித் தேடும்; மூச்சையும் சூட்டையும் அறிந்து இரையை நாடும் இசைவாக்கம் அது. கடித்த இடத்தில் குருதி நெடுநேரம் நிற்காமல் வடிவதற்குக் காரணம், உறைதலைத் தடுக்கும் பொருளை அதன் உமிழ்நீர் செலுத்துவதே. உப்பைத் தூவாமல், பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். ஹோட்டன் சமவெளியில் வாழும் கொம்பு ஓணானையும், முட்டையிடாமல் குட்டி ஈன்று வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும் சிறிய ஓணானையும் ஒப்பீட்டுக்கு எழுதலாம். ஆனால் அது தேசிய பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நன்றி, ஐயா, அண்ணா. நேற்று மீண்டும் வெட்டினேன். வெளியே ஐந்து சரியாக வந்தது. உள்ளே நான்குதான் எண்ண முடிந்தது, ஐந்தாவது இருந்த ஓரம் பிளேட்டில் கிழிந்துவிட்டது. நான்கை வரைந்து, கிழிந்த இடத்தைத் திறந்த கோடாகவே விட்டிருக்கிறேன்.