மார்த்தாண்டம் – களியக்காவிளை ரோட்டை நாலு வழி ஆக்கணும், யாரு எதிர்க்கிறீங்க?

பம்மம்_பையன்:
தினமும் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துக்கு வேலைக்கு போய்ட்டு வாறேன். கேரள எல்லைக்குள்ள காரோடுங்கிற ஊர்ல இருந்து கழக்கூட்டம் வரைக்கும் பைபாஸ் 43 கிலோமீட்டர், அத முக்கா மணி நேரத்துல தாண்டிருவேன், ஆனா பம்மத்துல கிளம்பி வெட்டுமணி, குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளைன்னு ஊர்ந்து அந்த பைபாஸ்ல ஏறுறதுக்குள்ள சில நாள் அதே முக்கா மணி நேரம் ஆயிருது, இத்தனைக்கும் இந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் சொச்சம் தான். முந்தாநாள் குழித்துறை பாலத்துக்கு முன்ன ரெண்டு டாரஸ்ங்கிற பெரிய பார லாரி, நடுவுல ஒரு கேரளா பஸ், அதுக்குப் பின்ன திருவனந்தபுரம் போற ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கிட்டே நிக்கிது. கண்ணாடி வழியா பாத்தேன், உள்ள ஒரு அம்மா டிரிப் பாட்டில கையில தூக்கிப் பிடிச்சிருக்காங்க, கை நடுங்குது. தேசிய நெடுஞ்சாலை 47ன்னு இருந்தத 66ன்னு நம்பர் தான் மாத்துனாங்க, அகலம் அப்படியே தான் கிடக்கு. ரெண்டு பக்கமும் இடம் எடுத்து நாலு வழி போடணும். வேற வழி இருந்தா சொல்லுங்க.

ஹூஸ்டன்_இரணியல்காரன்:
தம்பி, உன் கஷ்டம் எனக்கு புரியுது, ஊருக்கு வரும்போதெல்லாம் நானும் அந்த பாலத்துல நின்னவன் தான். ஆனா நான் இப்ப இருக்கிற அமெரிக்காவுல, ஹூஸ்டன்ல இந்த வைத்தியத்த செஞ்சு பாத்துட்டாங்க. இங்க கேட்டி ஃப்ரீவேன்னு ஒரு ரோடு, 280 கோடி டாலர் செலவு பண்ணி 2008ல அகலப்படுத்தி முடிச்சாங்க, சைடு ரோட்டையும் சேத்தா சில இடத்துல 26 வழி. ஆனா 2011ல இருந்து 2014க்குள்ள அதுல காலையில போக ஆகுற நேரம் 30 சதவீதம் கூடிருச்சு, சாயங்காலம் 55 சதவீதம். ஏன்னா ரோடு காலியா இருக்குன்னு தெரிஞ்சதும் தூரத்துல வீடு வாங்குனாங்க, நேரம் மாத்திப் போனவங்க பீக் நேரத்துக்கே வந்தாங்க. டுராண்டன், டர்னர்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க 2011ல அமெரிக்க ஊர்களோட கணக்க எடுத்து எழுதுனாங்க, ரோடு எத்தன சதவீதம் கூடுதோ ஏறக்குறைய அதே அளவுக்கு வண்டி ஓடுற தூரமும் கூடுதுன்னு. நம்ம மார்த்தாண்டம் மேம்பாலத்தையே பாரு, 2019 மார்ச்ல முறைப்படி திறந்தாங்க, இப்ப வெட்டுமணி இறக்கத்துல என்ன நிலமை?

தக்கலை_சிவில்:
அண்ணே, மரியாதையோட தான் சொல்லுதேன், ஹூஸ்டன் கணக்க கொண்டு வந்து குமரி மாவட்டத்துல வைக்காதீங்க. அங்க ஆளுக்கொரு கார், ரோடு ஏற்கனவே பெருசு. இங்க நாம கேக்குறது நடுவுல டிவைடர் உள்ள ஒரு நாலு வழி, அவ்வளவு தான். டிவைடர் இல்லாத ரெண்டு வழி ரோட்டுல டாரஸ் லாரிய ஓவர்டேக் பண்ணப் போய் நேருக்கு நேர் மோதுறது நின்னா அதுவே பெரிய விஷயம், அது டைம் கணக்குல வராது, உயிர் கணக்குல வரும். இன்னொன்னு, அதே டுராண்டன் டர்னர் ஆய்வுல பஸ் ரயில கூட்டினாலும் ரோட்டுல ஓடுற வண்டி குறையலன்னு தான் வந்திருக்கு, அத ஏன் விட்டுட்டீங்க? வெட்டுமணியில நெரிசல்னா அது பாலத்தோட குத்தம் இல்ல, நாலு பக்கத்து வண்டியும் ஒரு குறுகின இடத்துல வந்து விழுது. இதே ரோட்ட கேரளாவுல கரமனையில இருந்து கொடிநடை வரைக்கும் அகலமாக்கிட்டாங்க, அதுக்கப்புறமும் பாலராமபுரம் ஜங்ஷன் குறுகலாவே கிடந்துச்சு, அங்க வந்து எல்லாம் அடைச்சுக்கிட்டுது. பாதி வேலை செஞ்சா பாதிப் பலன் கூட வராது, முழுசா செய்யணும்னு தான் நான் சொல்லுதேன்.

படந்தாலுமூடு_கடைக்காரி:
முழுசா செய்யணும்னு ஈசியா சொல்லிட்டீங்க தம்பி. எங்க மாமனார் காலத்துல இருந்து ரோட்டோரம் பலசரக்கு கடை. ஒரு தடவ அகலப்படுத்தும்போது முன்பக்கத்துல ஆறடி போச்சு, வாசப்படிய உள்ள தள்ளிக் கட்டினோம், அரிசி மூட்டைய இப்ப வீட்டு ஹால்ல தான் அடுக்குறோம். இன்னொரு பத்தடி எடுத்தா கடையே இல்ல. 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்துல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல இருக்கோம், ஊருக்கும் ஊருக்கும் நடுவுல காலி இடம்னு ஒண்ணு உண்டா? எங்கன தொட்டாலும் ஒருத்தரோட வீடு, ஒரு சர்ச், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூட மதில். நாலு வழி ஆனா எங்க தெரு பிள்ளைங்க எதுத்த பக்கம் போய் பஸ் ஏறுறது எப்படி, அதையும் யாராவது யோசிங்க.

பம்மம்_பையன்:
அக்கா, கடைய இடிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. ஆனா இந்த ரோட்ட விட்டு தனியா போடுற புது நாலு வழிச்சாலை வரும் வரும்னு எத்தன வருஷம் காத்திருக்கிறது? குளத்தையும் வயலையும் மூடிப் போடுறாங்கன்னு எதிர்ப்பு, அப்புறம் நிரப்ப மண்ணு இல்லன்னு வேலை நின்னு நின்னு போச்சு. அது முடிஞ்சா தூரத்து வண்டியெல்லாம் அதுல போயிரும், பழைய ரோடு நமக்கு மிஞ்சும். அது முடியாம இருக்கிறதால தான் நான் பழைய ரோட்டையே கேக்குறேன்.

ஹூஸ்டன்_இரணியல்காரன்:
சிவில் தம்பி சொன்னது சரி, அத நான் சொல்லாம விட்டது தப்பு தான். பஸ் ரயில் மட்டும் போட்டா நெரிசல் தானா குறையாதுன்னு தான் அந்த ஆய்வு சொல்லுது, காரணம் ஒருத்தர் காலி பண்ணுற இடத்த இன்னொருத்தர் பிடிச்சிருவாரு. ஆனா பஸ்ஸுல ரயில்ல போறவன் அந்த நெரிசல்ல இருந்து தப்பிச்சிட்டான்ல, அது பலன் இல்லையா? நெரிசலையே குறைச்ச ஊருன்னு பாத்தா அங்க நெரிசல் உள்ள இடத்துக்குள்ள வண்டி ஓட்டி வர கட்டணம் வச்சிருக்காங்க. சிங்கப்பூர் 1975ல ஆரம்பிச்சுது, ஸ்டாக்ஹோம்ல 2006ல சோதனையா வச்சு நகரத்துக்குள்ள வர்ற வண்டிய ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாங்க.

படந்தாலுமூடு_கடைக்காரி:
எங்க ரோட்டுல போக எங்ககிட்டயே காசா? அது இங்க நடக்காது அண்ணே. காசு வாங்கணும்னா எங்க மலைய உடைச்சு கேரளாப் பக்கம் கொண்டு போற லாரிக்கிட்ட வாங்கட்டும், காலையிலயும் சாயங்காலமும் பள்ளிக்கூட நேரத்துல அத ஓட விடாம நிறுத்தட்டும். லாரி வராத நேரம் ரோடு எப்படி இருக்குன்னு கல்லாவுல உக்காந்து பாக்குறவ நான். அதே அகலம் தான், ஆனா ஆம்புலன்ஸ் நிக்காம போவுது.

தக்கலை_சிவில்:
அக்கா சொல்லுறதுல ஞாயம் இருக்கு. லாரிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டாலும் போட்ட நேரத்துல செக் பண்ண ஆள் இருக்கணும், அது தான் நடக்கறது இல்ல. நானும் என் பேச்ச கொஞ்சம் மாத்திக்கிடுதேன், முழு நீளத்துக்கும் இடிக்க வேண்டாம். மார்த்தாண்டம் மேம்பாலத்தோட ரெண்டு முனை, குழித்துறை ஆத்துப் பாலம், களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட் முன்ன, இந்த இடங்கள மட்டும் எடுத்து சரி பண்ணி, பஸ் நிக்க தனியா உள்வாங்கி இடம் விட்டா பாதி சிக்கல் அவிழும். மிச்சப் பணத்த புது சாலைய முடிக்கப் போடட்டும். ஆனா ஒரேயடியா ரோடே வேண்டாம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

குழித்துறை_ஸ்டேஷன்:
ரயில யாரும் விரிவா பேசலையே. நான் பன்னெண்டு வருஷமா குழித்துறையில இருந்து திருவனந்தபுரத்துக்கு சீசன் டிக்கெட். ஒத்த லைன், பாறசாலையில எதுத்த வண்டிக்காக நிறுத்தினா எப்ப விடுவான்னு யாருக்கும் தெரியாது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இரட்டைப் பாதை மொத்தமே 87 கிலோமீட்டர் தான், அது முழுசா முடிஞ்சா காலையில ரெண்டு வண்டி கூட விடலாம். என் பெட்டியில நிக்கிறவங்கள்ல பத்து பேர இறக்கி விட்டா பம்மம் தம்பிக்கு முன்ன பத்து பைக் நிக்கும். பம்மம் தம்பி, நீங்க ரயில்ல வராததுக்கு என்ன காரணம்?

பம்மம்_பையன்:
ராத்திரி ஷிஃப்ட் முடியிற நேரத்துக்கு திரும்பி வர வண்டி இல்லண்ணே, அது தான். இருந்தா கார எடுக்கவே மாட்டேன், பெட்ரோலுக்கே சம்பளத்துல ஒரு பங்கு போவுது. அந்த ஆம்புலன்ஸ் அம்மாவ மட்டும் மறக்க முடியல. சிவில் அண்ணன் சொன்ன அந்த இடங்களயும் அக்கா சொன்ன லாரி நேரத்தையும் எழுதி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம், திங்கக்கிழமை நான் லீவு போடுறேன். யாரு கூட வாறீங்க?

படந்தாலுமூடு_கடைக்காரி:
நான் வாறேன். கடைய மருமக பாத்துக்கிடுவா. பழைய பட்டா நகலும் எடுத்துட்டு வாறேன்.