மறுமொழி: போர்பாய்சிங் – 'உறிஞ்சலைவு' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

பந்தயக் கார் அதிவேகத்தில் மேலும் கீழும் ஆடுவதை ஆங்கிலத்தில் 'போர்பாய்சிங்' என்கிறார்கள்; 'போர்பஸ்' என்றால் கடற்பன்றி. அதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றிய பேச்சில் ஒரு நண்பர் சொன்னது:

> 'கடற்பன்றித் துள்ளல்' என்றே சொல்லலாமே? மூலச்சொல்லிலும் அந்த விலங்குதானே இருக்கிறது.

ஐயா, விலங்கை விட்டுவிடலாம். 'துள்ளல்' என்பதுதான் எனக்கு நெருடுகிறது. சோதனை ஓட்டத்தைப் பார்த்து ஊகிப்பவர்களுக்கு முதல் கேள்வியே வண்டி ஆடுவது எதனால் என்பதுதான். அதை மறைக்கிற சொல் நமக்கு உதவாது.

2022 பிப்ரவரி, பார்சிலோனா. புதிய விதிப்படி கட்டிய ஃபார்முலா 1 கார்கள் முதல்முறையாக ஒன்றுகூடி ஓடின. நேர்ப்பாதையில் ஃபெராரி வேகமெடுக்க எடுக்க ஓட்டுநரின் தலைக்கவசம் மேலும் கீழும் ஆடியது; வேகம் குறைந்ததும் அடங்கிவிட்டது. மெர்சிடீஸும் ஆடியது. மேடுபள்ளத்தில் இறுக்கமான சஸ்பென்ஷன் தூக்கிப்போடுவது வேறு, இது வேறு. காரின் அடித்தளத்தில் இருக்கும் குடைவுகள் வழியாகக் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வண்டி தரையை நோக்கி இழுபடுகிறது; இதுதான் 'தரை விளைவு', அப்படிக் கீழே இழுக்கும் விசைதான் 'கீழ்விசை'. வேகம் இருமடங்கானால் அந்த விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் இடைவெளி மிகவும் சுருங்கி, காற்றோட்டம் அடைபடுகிறது. கீழ்விசை சட்டென்று விழ, வண்டி எழும்புகிறது. எழும்பியதும் காற்று மறுபடி ஓடுகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இதே கதை.

அணிகள் இதை முன்கூட்டியே ஏன் பிடிக்கவில்லை என்று பலர் வியந்தார்கள். காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் உண்மையான காரின் 60 விழுக்காடு அளவுள்ள மாதிரி வண்டிக்குத்தான் அனுமதி, காற்றின் வேகமும் நொடிக்கு 50 மீட்டருக்குமேல் போகக்கூடாது. தாங்கியில் பிடித்து வைத்த அந்த மாதிரி வண்டி, சஸ்பென்ஷனில் நிற்கும் உண்மையான வண்டியைப் போலத் தானாக ஆடாது. ஓடுதளத்தில்தான் உண்மை தெரியவந்தது.

அதனால்தான் 'உறிஞ்சலைவு' என்கிறேன். காரணம் முன்பாதியில், நடப்பது பின்பாதியில். 'அலைவு' பள்ளி இயற்பியலில் ஊசலோடு படித்த சொல்தான். 2022 பெல்ஜியம் பந்தயம் முதல், கார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ இந்த ஆட்டத்துக்கு நடைமுறைப்படுத்திய வரம்பும் காற்றியக்கத்தால் வரும் செங்குத்து அலைவை அளப்பதுதான்.

> காற்று எதையும் உறிஞ்சுவதில்லை. மேலே இருக்கும் அழுத்தம் அமுக்குகிறது, அவ்வளவுதான்.

இயற்பியல்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஸ்ட்ராவில் குடிக்கும்போதும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் வேலை செய்கிறது. அதை உறிஞ்சுவது என்றே சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. 'அமுங்கலைவு' என்று மாற்றினால் எதனால் அமுங்குகிறது என்பது போய்விடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "அடித்தள விளிம்பை உயர்த்தியதும் உறிஞ்சலைவு குறைந்தது, ஆனால் கீழ்விசையும் போனது." 2023க்கு விளிம்பை 15 மில்லிமீட்டர் உயர்த்திய விதி மாற்றத்தை இப்படி எழுத முடிகிறது. "நேர்ப்பாதையில் உறிஞ்சலைகிறது" என்று வினையாக்கினால் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. 'உறிஞ்சலைவு எழுகிறது' என்றே எழுதலாம். மேடுபள்ளத்தால் வருவதற்குக் 'குலுக்கல்' இருக்கட்டும்.

அப்புறம், தரை விளைவு, கீழ்விசை இரண்டும் ஏற்கெனவே புழங்குகின்றன, தொட வேண்டாம். காற்றோட்டம் அடைபடும் அந்தத் தருணத்துக்குத்தான் இன்னும் நல்ல சொல் இல்லை. 'ஓட்டமுறிவு' என்று ஒன்று தோன்றுகிறது. விமானவியல் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.