பொதுவில் எழுதியதை யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாமா? மாஸ்டடான் அனுபவங்களைப் பகிர்வோம்

தொடக்கப் பதிவு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தோ பாயோவில் எங்கள் புளோக்கில் முன்பு குடியிருந்த பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா இன்னும் விடியக்காலையில பெட்டியைக் கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறாங்களா, அக்கா?” என்று கேட்டார். மறதிநோய் கண்ட என் தாயார், தாம் பிறந்து வளர்ந்த செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பவேண்டும் என்று இரண்டு சேலைகளையும் ஒரு டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு கம்பிக் கதவருகே நிற்பதை நான் உறவினர்களிடம்கூடச் சொன்னதில்லை. மாஸ்டடானில் மட்டுமே, என் பெயர் இல்லாத ஒரு கணக்கில், 2021 முதல் அதை எழுதிவந்தேன். பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று பதிவுகளை அனுப்பிக்கொள்ளும் சமூக வலைத்தளம் அது.

அந்தப் பதிவுகள் பொதுப் பதிவுகள்தாம். அதை நான் மறுக்கவில்லை. இதே பாரத்தைச் சுமக்கும் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வரி பதில் எழுதினால் போதும் என்பதற்காகவே பொதுவில் எழுதினேன். அக்காலத்தில் மாஸ்டடானில் பிறர் எழுதியவற்றைச் சொல்லிட்டுத் தேட வழியில்லை; ஹேஷ்டேக் இட்டிருந்தால்தான் அகப்படும். ஒரு சொல்லை வைத்து ஆட்களைத் தேடிப்பிடித்துக் கூட்டமாகச் சென்று தாக்கும் வழக்கத்தைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார்கள். நானும் அதை நம்பித்தான் ஒரு ஹேஷ்டேக்கும் இடாமல் எழுதினேன். 2023 செப்டம்பரில் வெளிவந்த 4.2 பதிப்பு பதிவுகளின் முழு உரையிலும் தேடும் வசதியைக் கொண்டுவந்தபோதும், தம் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கலாம் என்று அமைப்பில் தாமாக இசைவு தெரிவித்தவர்களுடையவை மட்டுமே அதில் அகப்படும் என்று வைத்தார்கள். இசைவு தெரிவிக்கும் அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு இருந்த சர்வர் மாஸ்டடான் அன்று. சர்வர்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் அதே ஆக்டிவிட்டிபப் நெறிமுறையைப் பேசும் வேறொரு மென்பொருள். தன்னிடம் வந்துசேர்ந்த பொதுப் பதிவுகள் அனைத்தையும், எழுதியவர் கட்டத்தைத் தொட்டாரா இல்லையா என்று பாராமல், அது தேடிக் கொடுக்கிறது. என் இசைவு என் சர்வரின் வாசல்வரைதான் செல்லுபடியாகிறது என்பதை அந்தக் காய்கறிக் கடையின் முன்னால் நின்றுதான் அறிந்துகொண்டேன். ஊரும், நேவல் பேஸும், டிபன் கேரியரும் சேர்ந்தவுடன் எழுதியவள் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய மாமனாருக்கு அண்மையில் இதே நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ‘மறதிநோய்’ என்ற ஒற்றைச் சொல்லை இட்டுத் தேடியவருக்கு என் பதிவுகள் கிடைத்தன. இரவு மூன்று மணிவரை படித்து அழுததாகச் சொன்னார். அவர் தேடாமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆயினும் அன்று வீடு திரும்பும்வரை என் கைகளில் நடுக்கம் இருந்தது. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே துணைக்கு வராது. பொதுவில் கிடைக்கும் தரவுக்கு இசைவு பெறத் தேவையில்லை என்று அது விலக்கு அளிக்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

மறுமொழி

அக்கா, நான் ஜூரோங்கிலிருந்து நண்பர்களுக்காக ஒரு சிறிய மாஸ்டடான் சர்வரை நடத்துகிறேன். எனவே மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். 4.2 வந்தபோது எங்கள் உறுப்பினர் ஒருவர், பழைய சமையல் குறிப்புகள் தேடினால் கிடைக்கவேண்டும், எல்லாருடைய கணக்கிலும் நானே அந்தக் கட்டத்தைத் தொட்டுவிடலாமே என்றார். நிர்வாகிக்கு அது ஒரே கட்டளையில் முடிகிற வேலை. விசைப்பலகை மேல் விரலை வைத்தும்விட்டேன். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கேட்டேன். முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேரே சம்மதித்தனர். மறுத்தவர்களில் ஒருவர், தம் முன்னாள் கணவர் தம்மைத் தேடிக்கொண்டிருப்பதாக அப்போதுதான் முதன்முறையாக என்னிடம் சொன்னார். கேட்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

நீக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பதிவை நீக்கினால், அதன் பிரதி சென்ற சர்வர்களுக்கு ‘நீக்குங்கள்’ என்ற செய்தி போகும். அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அந்தச் சர்வர் பல நாள் முடங்கிக் கிடந்தாலோ, இடையில் உங்கள் சர்வரைத் தடைசெய்திருந்தாலோ பிரதி அங்கேயே தங்கிவிடலாம். வெளியிட்ட பதிவைத் திருத்தும்போது பொதுவிலிருந்து ‘பின்தொடர்வோருக்கு மட்டும்’ என்று மாற்றவும் முடியாது. மாஸ்டடானுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று இது: 2024 நவம்பரில் புளூஸ்கை என்ற வேறொரு சமூக வலைத்தளத்தின் பொதுப் பதிவுகள் பத்து லட்சத்தை ஒருவர் இயந்திரக் கற்றலுக்கான தொகுப்பாக வெளியிட, எதிர்ப்பு எழுந்து அதைத் திரும்பப் பெற்றார்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். அந்தக் கட்டம் உங்களுடையது. ஆனால் பதிவில் இருப்பவர் அம்மா. அவர்களிடம் கேட்டீர்களா?

தொடக்கப் பதிவரின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அம்மாவால் இனி இசைவு சொல்ல முடியாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன், கேட்டுப் பார்க்கவில்லை. நேற்றுக் காலை அவர் தெளிவாக இருந்தார். காப்பி ஆற்றிக் கொடுத்தபடியே, அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றும், முகம் தெரியாதவர்களும் படிக்கிறார்கள் என்றும் சொன்னேன். வெகுநேரம் டம்ளரையே பார்த்திருந்துவிட்டு, “குவார்ட்டர்ஸ் வீட்டைப் பத்தி எழுது. நான் வழி தெரியாம நின்னதை எழுதாத,” என்றார்.

அப்படிப்பட்ட பதிவுகள் ஆறு இருந்தன. நேற்றிரவே நீக்கிவிட்டேன். உங்கள் சர்வரில் அவற்றின் பிரதி தங்கியிருந்தால், தயவுசெய்து அதையும் நீக்கிவிடுங்கள், தம்பி.