பெயரை மாற்றச் சொல்லி வந்த மின்னஞ்சல்

வண்ணார்பேட்டையிலிருந்து:

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை, அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை, மாற்றிக் கொடுக்கப் போய், பெயர் விஷயத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலராவது இருப்பார்கள். அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என் கதை.

நானும் ஒரு நண்பரும் மாடியில் சின்ன அறை எடுத்து, ஜி.பி.எல். உரிமத்தில் (மாற்றலாம், விற்கலாம், ஆனால் வாங்கியவருக்குச் சோர்ஸ் கோடும் கிடைக்க வேண்டும் என்கிற உரிமம்) கிடைக்கும் ஒரு பில்லிங் மென்பொருளை நம் ஊர்க் கடைகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்து வந்தோம். தமிழ் பில், தெர்மல் பிரிண்டர், ஜி.எஸ்.டி. கணக்கு, அவ்வளவுதான். பெயரை அப்படியே வைத்து, பின்னால் 'நெல்லை எடிஷன்' என்று ஒட்டினோம். கேட்டவர்களுக்குச் சோர்ஸ் கோடும், அதாவது மென்பொருளின் மூல நிரலும், கொடுத்தோம். உரிமம் சொன்னதையெல்லாம் செய்தாயிற்று என்ற தெம்பு.

அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடை. ஐந்து சதவீத வரியை மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று பிரிக்கும் இடத்தில் நான் கைவைத்திருந்தேன். 33 ரூபாய்க் கைக்குட்டைக்கு வரி 1.65. இரண்டரை சதவீதத்தைத் தனியாகப் போட்டால் 0.825. அதை இரண்டு பக்கமும் 0.83 ஆக்கினால் கூட்டுத்தொகை 1.66. பில்லுக்கு ஒரு பைசா இடித்தது. மாதக் கடைசியில் ஆடிட்டர் பிடித்துவிட்டார். கடைக்காரர் மகன் விவரமான பையன். ஹெல்ப் மெனுவில் இருந்த முகவரிக்கே புகார் எழுதிவிட்டான். அது எங்கள் முகவரி இல்லை, மூல மென்பொருளை எழுதியவர்களுடையது. பாவம், அவர்கள் தங்கள் கோடில் இல்லாத பிழையை இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் எனக்கு மின்னஞ்சல் வந்தது. பணிவாகத்தான் இருந்தது. மாற்றுவதற்கும் விற்பதற்கும் தடையில்லை, பெயரையும் லோகோவையும் மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். முதலில் எனக்குக் கோபம்தான். உரிமத்தை மறுபடி படித்தேன். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் ஏழாம் பிரிவு, வணிகச் சின்ன (டிரேட்மார்க்) உரிமையைத் தராமல் நிறுத்திவைக்க எழுதியவருக்கு இடம் கொடுக்கிறது. அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் ஆறாம் பிரிவோ, பெயர் உங்களுக்குக் கிடையாது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. இத்தனை வருடமாக நான் சோர்ஸ் கோடு பற்றிய வரிகளை மட்டுமே படித்திருக்கிறேன்.

பெயர் மாற்ற ஒரு சாயங்காலம் போதும் என்று உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆனது. தொடக்கத் திரை, ஐகான், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு, பில்லின் அடியில் அச்சாகும் வரி, டேட்டாபேஸின் பெயர் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர்தான். அப்டேட் பட்டன்தான் பெரிய வில்லன். யாராவது அதை அழுத்தியிருந்தால் மூல சர்வரிலிருந்து அசல் இறங்கி, எங்கள் வேலை மொத்தமும் போயிருக்கும். அவசரத்தில் ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றியதில் பதிப்புரிமை (காப்பிரைட்) வரிகளில் இருந்த பெயரும் அழிந்துவிட்டது. அது பெரிய தப்பு. மேலே இருக்கும் பெயர்ப்பலகையைத்தான் கழற்ற வேண்டும். சோர்ஸ் கோடு எழுதியவர் யார் என்ற வரியைத் தொடக்கூடாது. நாம் மாற்றினோம், இந்தத் தேதியில் மாற்றினோம் என்றும் எழுதிவைக்க வேண்டும். திரும்ப உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகச் சரி செய்தேன்.

சங்கரன்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி, சுதந்திர மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு பெயரைப் பூட்டிவைப்பது என்ன நியாயம் என்று நானும் ஒரு காலத்தில் சண்டை போட்டவன்தான். பெரிய ஆட்களே இதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக்காரர்களுக்கும், ஃபயர்பாக்ஸ் பிரவுசரை எழுதிய மொஸில்லாவுக்கும் இதே தகராறு. லோகோவின் உரிமம் டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. லோகோ இல்லாமலும், தாங்கள் ஒப்புக்கொள்ளாத பேட்ச் (கோடில் திருத்தம்) போட்டும் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் விடக்கூடாது என்றது மொஸில்லா. சரி என்று டெபியன் பெயரையே மாற்றி ஐஸ்வீசல் ஆக்கியது. ஃபயருக்கு ஐஸ், ஃபாக்ஸுக்கு வீசல் (கீரி மாதிரி ஒரு பிராணி). குசும்பு! 2016-இல்தான் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸை எடுத்துக் கட்டி இலவசமாகக் கொடுத்த சென்டோஸ்காரர்கள், ரெட் ஹாட் என்று சொல்லாமல், வட அமெரிக்காவின் பிரபல லினக்ஸ் நிறுவனம் என்று சுற்றி வளைத்து எழுதிய காலமும் உண்டு. தாத்தா பெயரைச் சொல்லாத எங்கள் ஆச்சி மாதிரி.

ஜங்ஷனிலிருந்து:

நான் டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்க்கிறேன். என்னுடையது எழுத்துரு விவகாரம். கல்யாண அழைப்பிதழுக்கு வந்த ஒரு பெரியவர், 'நெல்லை' என்பதில் பழைய துதிக்கை 'லை'தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்ற எழுத்துரு உரிமத்தில் கிடைக்கும் ஒரு எழுத்துருவை, ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் திறந்து, அந்த எழுத்தை வரைந்து சேர்த்தேன். பெயரை மாற்றவில்லை. டிசைன் கோப்பையும் எழுத்துருவையும் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே அதே பெயரில் அசல் எழுத்துரு ஏற்கெனவே கிடந்தது. கணினி அதையே எடுத்துக்கொண்டது. ஆயிரம் அழைப்பிதழிலும் புது 'லை'! பெரியவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த உரிமத்தில், எழுதியவர் ஒதுக்கிவைத்த பெயரை மாற்றிய எழுத்துருவுக்கு வைக்கக்கூடாது என்று அப்போதே இருந்திருக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் அது வணிகச் சின்னம் இல்லை, அதற்குப் பங்காளி முறை. இப்போது எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் குடும்பப் பெயர், முழுப் பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் பேனாவையே தொடுகிறேன்.

தென்காசியிலிருந்து:

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பெயரை உள்ளே வைத்து டொமைன் (இணைய முகவரி) வாங்கி, விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டேன். டொமைனில் அந்தப் பெயர் கூடாது என்பது அவர்கள் விதி. கார்டு இன்னும் அரைக் கட்டு மிச்சம் இருக்கிறது, பால் கணக்கு எழுத உதவுகிறது.

டவுனிலிருந்து:

அல்வா யார் வேண்டுமானாலும் கிண்டலாம், பக்கத்துக் கடைக்காரர் பெயரில் விற்கக்கூடாது. இவ்வளவுதானே விஷயம்?

வண்ணார்பேட்டையிலிருந்து:

கிட்டத்தட்ட. ஆனால் எந்த அல்வாக் கடையும் பக்குவத்தை எழுதிக் கொடுத்து, சட்டியையும் கரண்டியையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. இவர்கள் அதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பலகையை மட்டும்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

புதுப் பெயர் என்ன என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மூன்று பெயர் யோசித்து, வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடலில் மென்பொருளுக்கான 9-ஆம் வகுப்பிலும் 42-ஆம் வகுப்பிலும் பார்த்தோம். இரண்டை ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். மூன்றாவதை வைத்துக்கொண்டோம். 'இன்ன மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது' என்று விவரப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. அதை வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று அவர்களிடமே கேட்டோம், தாராளமாக என்றார்கள். அம்பாசமுத்திரத்து முதலாளி மட்டும் இன்றைக்கும் போனில் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.